உங்களுக்குத் தெரியுமா? சங்கிலியாண்டபுரம் முதல் சித்திரை வீதி வரை

படம் பார்க்க இன்று நூறு வழி இருக்கிறது. படத்தையும் பாட்டையும் நாடகத்தையும் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால்தான் பலர் யோசிக்கிறார்கள். திருச்சிக்காரர்களும் ஸ்ரீரங்கத்துக்காரர்களும் யோசிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கலைஞர்களின் சுயசரிதைகளையும் சினிமா வரலாறுகளையும் புரட்டினால் மலைக்கோட்டையோ காவிரிப் பாலமோ எங்காவது எட்டிப் பார்த்துவிடும். கீழே உள்ள துணுக்குகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் தேடிப் படிக்க ஒரு புத்தகம் இருக்கிறது. கதைப் புத்தகம் அல்ல, நடந்ததைச் சொல்லும் புத்தகம்.

● தென்னிந்தியச் சினிமாவின் முதல் அத்தியாயம் திருச்சியில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனதில் தொடங்குகிறது, தெரியுமா? ஆண்டு 1905. டூபான் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் போய்ச் சலனப்படம் காட்டிக்கொண்டிருந்தார். திருச்சிக்கு வந்தவர் படுத்துவிட்டார். சொந்த ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று கருவியையும் படச்சுருள்களையும் விலை பேசினார். வாங்கியவர் இங்கே தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட். வயது 22. ரயில்வே உத்தியோகம் கிடைத்தால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிற காலம் அது. அதை உதறிவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். கையிருப்பு, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு படம். லாகூர், பெஷாவர், ரங்கூன் என்று சுற்றிவிட்டு வந்து, 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைக் கட்டினார். அது நின்ற சாலைக்கு இன்றும் அதுதான் பெயர்.

● இப்படிப்பட்ட கதைகளை நமக்காகத் தோண்டி எடுத்துக் கொடுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். அவர் சினிமாத் தொழிலில் இருந்தவர் அல்ல, கல்லூரிப் பேராசிரியரும் அல்ல. அஞ்சல் துறை அதிகாரி. 1981-ல் ஆங்கிலத்தில் க்ரியா வெளியிட்ட ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ என்ற அவருடைய நூல், நாடக மேடையும் இசைத்தட்டும் ஊமைப்படமும் விடுதலைப் போராட்டச் செய்தியை எப்படிச் சுமந்து சென்றன என்று காட்டியது. கூத்தாடிகள் சமாச்சாரம் என்று வரலாற்றாசிரியர்கள் தொடாமல் விட்ட விஷயத்தை அரசு ஆவணக் கோப்புகளிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பாட்டுப் புத்தகங்களிலிருந்தும் அவர் எழுப்பிக் காட்டினார். அடுத்து வந்த ‘தி ஐ ஆஃப் தி சர்ப்பன்ட்’ சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதைப் பெற்றது. ஆங்கிலம் வேண்டாம் என்பவர்களுக்கு ‘எம் தமிழர் செய்த படம்’ இருக்கிறது. சினிமா பற்றி ஒரே ஒரு தமிழ்ப் புத்தகம் வாங்கத்தான் காசிருக்கிறது என்று யாராவது என்னிடம் சொன்னால், நான் கைகாட்டுவது இதைத்தான்.

● எம்.கே. தியாகராஜ பாகவதரைக் கண்டெடுத்தவரும் ஒரு ரயில்வேக்காரர்தான். எஃப்.ஜி. நடேசய்யர் தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி, நாடகப் பித்தர். 1914-ல் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியவர். மாயவரத்தில் பிறந்து திருச்சிக்குக் குடிவந்த ஒரு பொற்கொல்லர் வீட்டுப் பையனின் குரலைக் கேட்டு, ‘அரிச்சந்திரா’ நாடகத்தில் லோகிதாசன் வேடம் கொடுத்தார். அந்தப் பையனை ஊரே பாகவதர் என்று கூப்பிடும் காலம் வந்தது. நடேசய்யர் வெறும் புரவலராக நின்றுவிடவில்லை. 1938-ல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் படமான ‘சேவாசதன’த்தில் அவரே நடித்தார். அலுவலகக் கோப்புகளுக்கு நடுவே நாடக ஒத்திகைக்கு நேரம் ஒதுக்கிய இந்த மனிதரைப் பற்றி விரிவான தமிழ் நூல் ஒன்று எழுதப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

● பாகவதர் மொத்தம் நடித்த படங்கள் 14 மட்டுமே. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது எல்லோரும் சொல்வது. பலர் சேர்த்துச் சொல்லாத தேதி ஒன்று உண்டு. ‘ஹரிதாஸ்’ வந்து ஒரு மாதம்கூட ஆகாத நவம்பர் 8-ம் தேதி, சென்னை வேப்பேரியில் பத்திரிகையாசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் இறந்தார். ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ என்று நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை அச்சிட்டு விற்றவர் அவர். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-ல்தான் விடுதலை கிடைத்தது. அதாவது, ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்த நாட்களில் பெரும்பகுதி அதன் நாயகன் சிறையில் இருந்தார். கொட்டகையில் அவர் குரலுக்குக் கைதட்டல் எழுந்துகொண்டிருந்தது.

● அந்த வாழ்க்கையைப் புத்தகமாக்கியவர் எழுத்தாளர் விந்தன். ‘எம்.கே.டி. பாகவதர் கதை’ என்பது நூலின் பெயர். விந்தனுக்குச் சிறுகதைகளில் ஏழைகளின் பக்கம் நிற்கும் கை உண்டு. அதே கைதான் இதையும் எழுதியிருக்கிறது. தங்கத் தட்டு, வைர மோதிரக் கதைகளில் மயங்காமல் வீழ்ச்சியையும் பொறுமையோடு சொல்கிறார். 1959 நவம்பர் 1-ம் தேதி பாகவதர் மறைந்தார். அவருடைய நினைவிடம் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் இருக்கிறது. புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரு மாலை அங்கே போய் வாருங்கள்.

● விந்தன் இன்னொரு வேலையும் செய்தார், இதைவிடப் பெரியது. எம்.ஆர். ராதாவை உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு எழுதினார். 1967 ஜனவரி 12-ம் தேதி எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் தண்டனை முடிந்து ராதா வெளியே வந்த பிறகு நடந்த உரையாடல்கள் அவை. ‘நடிகவேள் எம்.ஆர். ராதாவின் சிறைச்சாலை சிந்தனைகள்’ என்று நூலாக நிற்கின்றன. துப்பாக்கிச் சம்பவத்தைத் தேடி இந்தப் புத்தகத்தை எடுப்பவர்கள் அதைத் தாண்டி வேறெங்கோ போய்விடுவார்கள். பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில் சிறுவர்கள் வளர்க்கப்பட்ட விதம், ஊருக்கு ஊர் கொட்டகை போட்ட பாடு, மேடையில் கல்லெறி வாங்கிய இரவுகள் என்று ஒரு முழு உலகம் அதில் இருக்கிறது. இந்தக் கேள்வி பதில் முறைக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்றும் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ 1962-ல் ஹாலிவுட்டுக்குப் போய் ஹிட்ச்காக்கைப் பல நாள் தொடர்ந்து பேட்டி எடுத்து, 1966-ல் வெளியிட்ட புத்தகம். திரைப்படக் கல்லூரிகளில் அதைப் பாடமாகவே படிக்கிறார்கள். விந்தனின் நூலை அதன் பக்கத்தில் வைக்க எனக்குத் தயக்கமே இல்லை. ஒன்று படம் எடுப்பதன் நுட்பத்தைச் சொல்கிறது, மற்றது மேடையில் நிற்பதன் துணிச்சலை.

● ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்தே 1954-ல் சென்னை மாகாணத்தில் நாடகச் சட்டம் கொண்டுவரப்பட்டது என்று பரவலாகச் சொல்வார்கள். நாடகம் போடுமுன் கதையைக் காவல்துறையிடம் காட்ட வேண்டும் என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல்தான் உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. ராதா காலமானது 1979 செப்டம்பர் 17, திருச்சியில். அன்று பெரியாரின் பிறந்த நாள்.

● சங்கிலியாண்டபுரத்தைத் தமிழ்க் கலையுலகத்தின் வேடந்தாங்கல் என்றே சொல்லலாம். பாகவதரின் நினைவிடம் அங்கே. ராதாவின் வீடு அங்கே. சிவாஜி கணேசனும் காக்கா ராதாகிருஷ்ணனும் சிறுவர்களாகத் திரிந்த தெருக்களும் அங்கேதான். சிவாஜியின் ‘எனது சுயசரிதை’யில் இந்தத் தெருக்கள் உயிரோடு இருக்கின்றன. ஏழு வயதில் கட்டபொம்மன் நாடகம் பார்த்தது, தாய் தந்தை உயிரோடு இருக்கும்போதே தன்னை அநாதை என்று சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்துகொண்டது, முதன்முதலில் சீதை வேடம் போட்டது எல்லாம் அவர் வாய்மொழியிலேயே வருகிறது. அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூல் என்பதால் பேச்சின் மணம் போகவில்லை. நடிப்பு கற்க நினைக்கும் பிள்ளைகள் இதன் முதல் பாதியை மட்டுமாவது படிக்க வேண்டும். விடுப்பு இல்லாத, வீட்டுக்குப் போக முடியாத ஒரு பள்ளிக்கூடம் எப்படி ஒரு நடிகனைச் செய்தது என்று அங்கே தெரியும்.

● ரங்கராஜன் என்ற பெயரில் ஸ்ரீரங்கம் தமிழுக்குக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? எஸ். ரங்கராஜன் என்பவர் சுஜாதா. டி.எஸ். ரங்கராஜன் என்பவர் கவிஞர் வாலி. அரங்கன் ஊரில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் இருவருமே அந்தப் பெயரில் எழுதவில்லை. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால் குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார் ஒருவர். மற்றவருக்குச் சின்ன வயதில் தூரிகைமேல் காதல். ஆனந்த விகடன் ஓவியர் மாலியைப் போல வர வேண்டும் என்று, பள்ளித் தோழர் ஒருவர் ‘வாலி’ என்று பெயர் சூட்டினார். ஓவியர் ஆகவில்லை, பெயர் நின்றது.

● வாலி ஸ்ரீரங்கத்தில் இளைஞராக இருந்தபோது நண்பர்களோடு சேர்ந்து ‘நேதாஜி’ என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். அதன் முதல் பிரதியை வெளியிட்டவர் கல்கி! பையன்கள் கையால் எழுதிய பத்திரிகைக்காக வந்து நின்ற கல்கியை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. அந்த வட்டாரப் பழக்கம்தான் வாலியைத் திருச்சி வானொலிக்கு நாடகம் எழுதக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்புறம் ஒரு முருகன் பாடலை அஞ்சலட்டையில் எழுதி டி.எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பியது, 1958-ல் முதல் திரைப்பாட்டு, நடுவில் பட்டினியும் அவமானமும். இவற்றை ‘நானும் இந்த நூற்றாண்டும்’, ‘நினைவு நாடாக்கள்’ ஆகிய இரண்டிலும் படிக்கலாம். முதலில் எதை? வாழ்க்கை வரிசையாக வேண்டும் என்றால் முன்னது. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று சுவைக்க வேண்டும் என்றால் பின்னது. எதுகை மோனை உரைநடையிலும் துள்ளும். அது சிலருக்குத் திகட்டும், எனக்குத் திகட்டவில்லை.

● திரைக்கதை எழுதுவதற்குத் தமிழில் முறையான கையேடு தந்தவர் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைதான். சுஜாதாவின் ‘திரைக்கதை எழுதுவது எப்படி?’ வந்தபோது, அதெல்லாம் புத்தகத்தில் படித்தா வரும் என்று கேட்டவர்கள் உண்டு. இன்று கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநர்களின் பைகளில் அது கிழிந்து போய்க் கிடக்கிறது. சிறுகதைக்கும் திரைக்கதைக்கும் என்ன வித்தியாசம், ஒரு காட்சி எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதைப் பாத்திரம் விளக்குகிற வேகத்தில் பளிச்சென்று சொல்கிறார். பொறியாளரின் மூளை. செயின்ட் ஜோசப் கல்லூரியில் அப்துல் கலாமோடு படித்தவர், பின்னாளில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரப் பணியில் பங்கேற்றவர். ‘கணையாழியின் கடைசிப் பக்கங்க’ளையும் ‘கற்றதும் பெற்றதும்’ தொகுப்புகளையும் சேர்த்துப் படித்தால், சினிமா, கர்நாடக சங்கீதம், ஹைக்கூ, கணினி எல்லாவற்றையும் ஒரே ஆர்வத்தோடு பார்த்த ஒரு மனம் கிடைக்கும். வெகுசன ரசனையைக் கேவலமாகப் பார்க்காமல், அதே சமயம் அதற்கு மண்டியிடாமல் எழுதுவது எப்படி என்பதற்கு அந்தப் பக்கங்கள் பாடம்.

● 1947-ல் இந்தியா சுதந்திரம் அடைந்தபோது நம் பக்கம் இருந்த அகில இந்திய வானொலி நிலையங்கள் ஆறே ஆறு. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ. ஆறாவது, திருச்சிராப்பள்ளி! 1939 மே 16-ம் தேதி தொடங்கியது நம் நிலையம்.

● அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. மே 20-ம் தேதி ‘தியாகபூமி’ திரைக்கு வந்தது. கதை கல்கி. திருச்சி நேஷனல் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது காந்தியின் அழைப்பைக் கேட்டு 1921-ல் படிப்பை விட்டவர் அவர். விகடனில் ‘தியாகபூமி’ தொடராக வந்தபோது ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களையே அச்சிட்டார்கள். படம் வெளிவந்த பிறகு ஆங்கில அரசு அதைத் தடை செய்தது. கல்கியை நாவலாசிரியராக மட்டும் தெரிந்தவர்கள், ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய ‘ஆடல் பாடல்’ விமர்சனங்களைத் தேடிப் படியுங்கள். சங்கீதக் கச்சேரியைச் சாதாரண வாசகன் ரசித்துப் படிக்கும்படி எழுத முடியும் என்று நிரூபித்தவர். அவருடைய வாழ்க்கைக்கு, சுந்தா எழுதிய ‘பொன்னியின் புதல்வர்’.

● திருச்சி வானொலி ஒரு நெல்லுக்கே பெயர் கொடுத்தது தெரியுமா? 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 ரகத்தை எப்படிப் பயிரிடுவது என்று வானொலி விடாமல் சொன்னது. டெல்டா விவசாயிகள் கேட்டார்கள், விதைத்தார்கள், ரகத்தை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். ஒரு ஒலிபரப்பின் வெற்றிக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

● ஆனால் பாட்டுக்கு மட்டும் மக்கள் இலங்கையைத்தான் பிடித்தார்கள். 1952-ல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டுக்கு அகில இந்திய வானொலியில் இடத்தைச் சுருக்கினார். ரசிகர்கள் ரேடியோவின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி பிறந்ததற்கு அந்தத் திருப்பம்தான் காரணம். இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்கள் தமிழ்நாட்டில் நட்சத்திரங்கள் ஆனார்கள். பி.எச். அப்துல் ஹமீதின் ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ அந்தக் காலத்தை உள்ளிருந்து சொல்கிறது. அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

● வெகுசனப் பாட்டா, இலக்கியமா என்ற சண்டை நம் காலத்தில் பிறந்தது அல்ல. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருச்சியை அடுத்த அதவத்தூரில் 1815-ல் பிறந்தவர். இலக்கணப் பிழையைப் பொறுக்காதவர். கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு வந்தபோது பிள்ளை பிடி கொடுக்கவில்லை. பிழைகள் கண்ணை உறுத்தின. பாரதியார் கோபித்துக்கொண்டு போகவில்லை, காத்திருந்தார். ஒருநாள் பிள்ளை ஓய்வாக இருந்த வேளையில் திண்ணையில் உட்கார்ந்து தம் பாட்டைத் தாமே பாடினார். உள்ளே இருந்தவர் கரைந்துபோனார். பாயிரம் கிடைத்தது. இதைப் பதிவு செய்தவர் பிள்ளையின் மாணவர் உ.வே. சாமிநாதையர். அவருடைய ‘என் சரித்திரம்’ எல்லோருக்கும் தெரியும். ‘கனம் கிருஷ்ணையர்’, ‘கோபாலகிருஷ்ண பாரதியார்’, ‘மகா வைத்தியநாதையர்’ என்று சங்கீதக்காரர்களைப் பற்றி அவர் எழுதிய மூன்று சின்னப் புத்தகங்களைத் தெரிந்தவர்கள் குறைவு. சங்க இலக்கியத்தைச் சுவடியிலிருந்து மீட்ட அதே மனிதர், பாட்டுப் பாடியவர்களின் வாழ்க்கையையும் மீட்டு வைத்தார். இரண்டும் ஒரே வேலைதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

● ஸ்ரீரங்கத்தில் மார்கழியில் அரையர் சேவை பார்த்திருக்கிறீர்களா? கூம்பு வடிவக் குல்லாய், கையில் தாளம். ஆழ்வார் பாசுரத்தைப் பாடி, அபிநயம் பிடித்து, பொருளும் சொல்வார்கள். பகல் பத்து அர்ஜுன மண்டபத்தில், இராப்பத்து ஆயிரங்கால் மண்டபத்துத் திருமாமணி மண்டபத்தில். நாதமுனிகள் ஏற்படுத்தியது என்பது மரபு. இயல், இசை, நாடகம் மூன்றும் ஒரே ஆளின் உடம்பில் நடக்கும் இந்தக் கலை இன்று தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி என்று சில தலங்களில்தான் உயிரோடு இருக்கிறது. யாருக்கு என்ன மரியாதை, எந்த விழாவில் யார் பாடுவது என்பவற்றைக் ‘கோயிலொழுகு’ என்ற கோயில் வரலாற்று நூல் குறித்து வைத்திருக்கிறது. வி.என். ஹரிராவ் 1961-ல் அதை ஆங்கிலத்தில் தந்தார். ‘கோயிலொழுகு’ படிக்கக் கடினமான நூல்தான். ஆனால் திருவிழாவை ஒரு பெரிய கலை நிகழ்ச்சியாக நடத்த எத்தனை கைகள் வேண்டும் என்று அறிய இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

● கண்ணதாசனின் ‘வனவாசம்’ சினிமா நூலா, அரசியல் நூலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1953-ல் திருச்சிக்குப் பக்கத்திலுள்ள டால்மியாபுரத்தின் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி நடந்த போராட்டத்தில் அவர் சிறைப்பட்டார். அந்தச் சிறையில்தான் ‘மாங்கனி’ காவியத்தை எழுதினார். ‘வனவாச’த்தில் தன்னையும் விட்டுவைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே படிக்க வேண்டும். அதோடு சேர்த்து, எம்.ஜி.ஆர். விகடனில் எழுதிய ‘நான் ஏன் பிறந்தேன்?’ படியுங்கள். பிறகு எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ‘பிம்பச் சிறை’. ரசிகர்கள் ஏன் அப்படி நம்பினார்கள் என்று ஆராய்ந்த நூல், ஆங்கிலத்தில் 1992-ல் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. நாயகன் தன்னைச் சொல்லும் நூலையும் அறிஞர் நாயகனைச் சொல்லும் நூலையும் அடுத்தடுத்துப் படிப்பது தனி அனுபவம்.

● காசே செலவில்லாமல் படிக்க வேண்டுமா? அவ்வை தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’, பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’. இருவர் நூல்களும் நாட்டுடைமையானவை, இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. சண்முகம் சங்கரதாஸ் சுவாமிகளிடம் சிறுவனாகப் பயின்றவர். 1942-ல் அவ்வையார் வேடம் போட்டு அந்தப் பெயரையே பெற்றவர். இரண்டில் எதை முதலில் என்றால், சண்முகம். குருவின் மீது அவர் வைத்த அன்பு ஒவ்வொரு பக்கத்திலும் கசிகிறது.

● நாகஸ்வரம், தவில் கலைஞர்களின் வாழ்க்கைக்கு பி.எம். சுந்தரத்தின் ‘மங்கல இசை மன்னர்கள்’. கோயில்களில் ஆடிப் பாடிய பெண்களுக்கு அவருடைய ‘மரபு தந்த மாணிக்கங்கள்’. இவற்றை அவர் எழுதியிராவிட்டால் அந்தப் பெண்கள் பலரின் பெயர்கூட நமக்குக் கிடைத்திருக்காது. வயலின் மேதை லால்குடி ஜெயராமனைப் பற்றி லட்சுமி தேவ்நாத் எழுதிய ஆங்கில நூல் 2013-ல் வந்தது. லால்குடியின் முன்னோர் தியாகராஜரிடமே பயின்றவர்கள். தியாகராஜர் லால்குடிக்கு வந்து அங்குள்ள சிவன்மீதும் அம்பாள்மீதும் பாடியவைதான் லால்குடி பஞ்சரத்தினம். திருச்சியிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் அந்தச் சன்னதியில் நிற்கலாம்.

● கதை வசனப் புத்தகம், பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் ஆகியவற்றை யாராவது சேர்த்து வைப்பார்களா? கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்தார். பெயர்ப்பலகை எழுதும் கலைஞராக வாழ்க்கையைத் தொடங்கியவர். வீடு முழுக்கப் புத்தகம், அதோடு கல்யாணப் பத்திரிகை, சினிமா விளம்பரம், துண்டுப் பிரசுரம். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. அது கடல் கடந்து போகவில்லை. 1994-ல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நின்றது. இப்படிப்பட்ட காகிதங்களை வைத்து எழுதப்பட்டதுதான் ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’. சந்தையிலும் தெருமுனையிலும் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற கொலைச் சிந்து, விபத்துப் பாட்டு, கள்ளுக்கடைப் பாட்டு எல்லாம் அதில் அணிவகுக்கின்றன.

● பாஸ்கரனின் நூல்களில் என்னை மிகவும் வாட்டிய செய்தி இது. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் நூற்றுக்கும் மேல். இன்று பார்க்கக் கிடைப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். முதல் தமிழ் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தது, அதன் பிரதியும் இல்லை. அந்தப் படங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் விளம்பரத் தாள், பத்திரிகைக் குறிப்பு, பாட்டுப் புத்தகம் வழியாகத்தான். படச்சுருள் எரிந்துபோனது, மடித்து வைத்த காகிதம் பிழைத்தது.

● கடைசியாக ஒன்று. சுஜாதாவின் முதல் கதை 1953-ல் ‘சிவாஜி’ என்ற பத்திரிகையில் வந்தது. திருலோக சீதாராம் திருச்சியிலிருந்து நடத்திய பத்திரிகை. ஐம்பத்து நான்கு வருடம் கழித்து அவர் வசனம் எழுதிய படத்தின் பெயரும் ‘சிவாஜி’. அந்த முதல் கதை வந்த இதழ் தன்னிடம் இல்லையே என்ற ஏக்கத்தை அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். சின்னக்கடை வீதியிலோ உறையூரிலோ சித்திரை வீதியிலோ உங்கள் பாட்டனார் வீட்டுப் பரணில் பழைய பத்திரிகைக் கட்டு இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடை போடுவதற்கு முன் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். ‘சிவாஜி’ கிடைத்தாலும் சரி, பாகவதர் படத்துப் பாட்டுப் புத்தகம் கிடைத்தாலும் சரி, நல்ல நூலகம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.